தொடையும் தொடுத்த கையும்

கவிதைக்குரிய ஊக்கம் யாண்டிருந்து பிறக்கின்றது என்பது இலக்கியத் திறனாய்வின் பழைய வினாக்களுள் ஒன்று. தெய்வ அருள் என்பாரும், பிறவிப் பேறு என்பாரும், கல்வியின் பயன் என்பாரும் உளர். மண்ணைக் கொத்திப் பூச்செடி வளர்த்த கையும், ஓலையைக் கிழித்துத் தோரணம் பின்னிய விரலும் அவ்வூக்கத்துக்கு ஊற்றாகும் என்று எண்ணுவார் மிகச் சிலரே. கைவினையைக் கலையின் கீழ்ப்படியில் வைத்தெண்ணும் வழக்கம் இதற்குக் காரணமாகும். புறத்தே செய்யும் பூத்தொண்டும் அலங்காரமும் எளியார்க்கு உரியன. அகத்தே செய்யும் வழிபாடும் பாட்டுமே உயர்ந்தோர்க்கு உரியன என்பது அவ்வழக்கத்தின் உட்கிடை. இக்கருத்துக்கு அரணாக மட்டக்களப்பு நாட்டின் தலைசிறந்த அறிஞர் ஒருவருடைய பாடலே எடுத்துக்காட்டப்படுதல் உண்டு. அப்பாடல் உண்மையில் அக்கருத்தைத்தான் கூறுகின்றதா என்பது ஆராய்தற்குரியது.

அவ்வறிஞர் சுவாமி விபுலானந்தர். 1892ஆம் ஆண்டிற் காரைதீவிலே பிறந்து, மயில்வாகனம் என்னும் பிள்ளைத்திருநாமம் பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். யாழ்நூலை 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அரங்கேற்றி, அடுத்த மாதமே இறைவனடி சேர்ந்தவர். ‘ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று’ என அறியப்படும் அவருடைய பாடல் மூன்று செய்யுள்களே உடையது. கல்லடி உப்போடையில் உள்ள அவருடைய சமாதியிலும் அது பொறிக்கப்பட்டுள்ளது. மட்டக்களப்புப் பாடசாலை மாணவர் பலர் அதனை மனனஞ் செய்தவர்கள். இறைவன் வேண்டுவது புறமலர் அன்று, அகமலரே என்பது அப்பாட்டுக்கு வழக்கமாகக் கூறப்படும் பொழிப்பு. பொழிப்பு என்ற அளவில் அது தவறன்று. ஆயினும், பொழிப்போடு நின்றார்க்குப் பாட்டின் பெரும்பகுதி அகப்படாது போகும்.

பாட்டின் அமைப்பை முதலில் நோக்குக. மூன்று செய்யுளும் ஒரே ஒழுங்கிற் செல்கின்றன. இன்ன மலரோ, இன்ன மலரோ என ஐயவினா முதலில் எழுகின்றது. இறைவனுக்கு ஏற்ற மலர் எது என்னும் கேள்வி அதனைத் தொடர்கின்றது. கூறிய மலர்கள் இரண்டும் விலக்கப்படுகின்றன. இறுதியில் விடை வருகின்றது. மல்லிகையை விலக்கி உள்ளத்தைத் தாமரையாகவும், தாமரையையும் கழுநீரையும் விலக்கிக் குவித்த கரத்தைக் காந்தளாகவும், கொன்றையையும் கற்பகத்தையும் விலக்கிக் கண்ணை நெய்தலாகவும் கூறுகின்றார் புலவர். விடை தோழியொருத்தியை விளிக்கும் பெண்மொழியில் அமைந்துள்ளது. பூக்கொய்யும் மகளிர் தம்முள் உரையாடும் பழைய பாடல் மரபு இங்கே பின்னணியாக நிற்கின்றது.

இவ்வமைப்பில் மூன்று நுட்பங்கள் கருதத்தக்கன. முதலாவது, முதற் செய்யுளில் விடையாக ஏற்கப்பட்ட தாமரை இரண்டாஞ் செய்யுளில் விலக்கப்படும் மலர்களுள் ஒன்றாக வருதல். தாமரை என்னும் பூவையே புலவர் இழித்துரைக்கக் கருதினாராயின், அப்பூவின் பெயராலே உள்ளத்தைச் சுட்டியிரார். ஆகவே விலக்கப்பட்டது பூ அன்று. உள்ளமும் கையும் கண்ணும் சேராது தனித்து நிற்கும் பூவே விலக்கப்பட்டது. பூவின் பெருமை குறையாது நின்றாலன்றி, உள்ளத்துக்கு அதனை உவமையாக்குதலில் பொருளில்லை.

இரண்டாவது, வினாவின் இயல்பு. இவருக்கு வாய்த்த மலர் எது என்று கேட்பவள் தத்துவம் கேட்பவள் அல்லள், அலங்காரஞ் செய்பவள். நடுச்செய்யுளில் இறைவன் மணமகனாக வருகின்றான். மாப்பிள்ளை வரும் வீட்டில், எந்தப் பூவை வாயிலில் தூக்குவது, எதனை மாலையாக்குவது, எது நிறத்துக்கு ஒக்கும், எது வாடாதிருக்கும் என்று மகளிர் கூடி ஆராய்தல் உலகவழக்கு. அந்த ஆராய்ச்சியின் நடுவிலே பாட்டுப் பிறக்கின்றது. அலங்காரஞ் செய்யும் கை ஒரு பூவை எடுத்து, போதாதென்று வைத்து, மற்றொன்றை எடுக்கும். அந்த அசைவையே செய்யுள் தன் நடையாகக் கொண்டுள்ளது. வினாவும் விலக்கும் விடையுமாகிய ஒழுங்கு தருக்க நூலிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை. பூத்தட்டின் முன்னிருந்து வந்ததாகவே தோன்றுகின்றது.

மூன்றாவது, உவமைத் தெரிவு. தமிழ்க் கவிமரபில் முகமும் தாமரை, கண்ணும் தாமரை, கையும் தாமரை, அடியும் தாமரை. மலரைக் கண்ணாற் கண்டறியாத புலவன் மூன்றிடத்தும் தாமரை என்றே கூறி முடித்திருக்கலாம்; மரபு அவனைக் குறைகூறாது. விபுலானந்தர் அவ்வாறு செய்யவில்லை. அகத்தே அடுக்கடுக்காய் விரியும் உள்ளத்துக்குத் தாமரையையும், இதழ்கள் மேனோக்கி வளைந்து விரல்கள்போல் நிற்றலாற் குவித்த கரத்துக்குக் காந்தளையும், நீர்மேல் நின்று பகலிலே விழித்து மாலையிற் கூம்புதலாற் கண்ணுக்கு நெய்தலையும் தேர்ந்துள்ளார். காந்தளை விரலுக்கும் நெய்தலைக் கண்ணுக்கும் ஒப்பிடுதல் சங்கச் சான்றோர் கண்ட நெறி. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் காந்தளே முதலில் நிற்கின்றது. அந்நெறியை ஏட்டிற் கற்றவர் பலர். உரிய இடத்தில் உரிய பூவை வைக்கும் திறம் பூவோடு பழகினார்க்கே எளிதில் வரும்.

புறப்பூசையை விலக்கிய பிற பாடல்களோடு ஒப்புநோக்கின் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். சிவவாக்கியர் கல்லை நட்டுப் பூச்சாத்தும் வழிபாட்டை எள்ளிப் பாடினார். அவர் பாட்டிலே பூக்களுக்குப் பெயரில்லை. எண்ணிக்கை மாத்திரமே உண்டு. அவர்க்குப் பூ என்பது சடங்கின் ஒரு கருவி. கருவியை மறுப்பவர் அதன் பெயரைக் கேட்டறியவேண்டியதில்லை. தாயுமானவர் நிலை வேறு. பறிக்கப் போன மலரினுள்ளே இறைவனே இருத்தலைக் கண்டு, பனி தங்கிய அப்பூவைப் பறிக்க மனம் வாராது நின்றவர் அவர். பூசையை அவரும் தவிர்த்தார். ஆயின் அது பூவின்மேற் கொண்ட அன்பினால் நேர்ந்த தவிர்ப்பு. விடியற்காலையிற் செடியருகே நின்றவர்க்கன்றி அப்பனித்துளி கண்ணிற் படாது. விபுலானந்தர் பூக்களைப் பெயர் கூறி, நிலை கூறி, வண்டின் இசையையும் உடன் கூறி, அதன் பின்னரே உடம்பின் உறுப்புகளைப் பூவாக்குகின்றார். எனவே அவர் தாயுமானவர் பக்கத்தில் நிற்பவரேயன்றிச் சிவவாக்கியர் பக்கத்தில் நிற்பவர் அல்லர்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவராகிய திருநாவுக்கரசரை இங்கு மறத்தலாகாது. தலை முதலாக ஒவ்வோர் உறுப்பையும் விளித்து வழிபடுமாறு ஏவும் பதிகத்துக்குத் திருவங்கமாலை என்றே பெயர். உறுப்புகள் மலர்களாக, பதிகம் மாலையாயிற்று. அப்பதிகத்திற் கைகளை ஏவுமிடத்தே, குவித்துத் தொழுதலும் மலர் தூவுதலும் ஒருங்கே கூறப்படுகின்றன. குவித்த கை வேண்டுமென்றவர் பூவை வேண்டாவென்றாரல்லர். அவர் கையிலே உழவாரப்படை இருந்தது. கோயில் முன்றிலிற் புல்லைச் செதுக்கிய கையே தேவாரமும் பாடியது. அகமும் புறமும் பகையாய் நிற்பன என்னும் கொள்கை அவரிடத்துச் செல்லாது. விபுலானந்தர் பாட்டில் வரும் உள்ளமும் கையும் கண்ணும் அந்த மாலையின் வழிவந்தனவே.

இனி, இப்பாட்டு எழுந்த நிலத்தை நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றிடரிலே ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவிற் கோட்டைக்கல்லாற்றைக் கடந்ததும் வருவது பெரியகல்லாறு. ஒருபுறம் கடலிரைச்சல், மறுபுறம் வாவியின் அமைதி. அதற்குத் தெற்கே பெரியநீலாவணை, கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்ற மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை என ஊர்கள் தொடர்ந்து செல்ல, அந்தத் தொடரிலேயே காரைதீவும் வருகின்றது. பெரியகல்லாற்றாருக்கும் காரைதீவாருக்கும் மணலும் ஒன்று, மழையும் ஒன்று, கோயில்களிற் சூட்டும் பூவும் ஒன்று.

இம்மணலிலே பூந்தோட்டம் தானாக வளர்வதில்லை. மணலின் கீழ் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். ஆகவே முற்றத்துச் செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் மல்லிகைப் பந்தருக்கும் எவ்வளவு நீர் வார்ப்பது, எப்போது வார்ப்பது என்பது கைப்பழக்கத்தால் வரும் அறிவு. சருகும் சாணமும் இட்டு மணலை மண்ணாக்குதல் பல்லாண்டுப் பணி. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையோரத்தை அழித்தபோது, உயிரோடும் வீட்டோடும் கிணற்றின் நன்னீரும் போயிற்று. அதன் பின் அக்கரையிலே மீண்டும் ஒரு மல்லிகை பூத்ததென்றால், அது இயற்கையின் கொடை மாத்திரம் அன்று. ஒருவர் பல மாரிகாலம் பொறுத்திருந்து பெற்றதுமாகும்.

பொறுத்திருத்தலே தோட்டம் புலவனுக்குக் கற்பிக்கும் முதற் பாடம். பூ தன் காலத்திற் பூக்கும், விரைவுபடுத்தினால் வாராது. ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவமழை பொழிய, வேலியோரங்களிற் காந்தட் கொடி தலைநீட்டும். மழைநீர் நிறைந்த குளங்களிலும், உவர் குறைந்த நீரோரங்களிலும் நெய்தல் பூக்கும். இலங்கையின் தேசிய மலராக 1986ஆம் ஆண்டிற் கொள்ளப்பட்டதும் இந்நீல நீர்ப்பூவே. கச்சான் வீசும் வறண்ட திங்கள்களை ஒட்டிக் கொன்றை பொன்னாய்த் தொங்கும். மல்லிகை மாலையிலே அவிழ்வது. ஆதலின் மாலை தொடுப்போர் அதனை மொட்டாகவே பறிப்பர். தாமரை வைகறையில் விரிவது. இவ்வாறு பூவுக்குப் பூ வேறாகிய பொழுதும் பருவமும் கைக்குத் தெரிந்திருந்தாலன்றி எந்த நாளிலும் கோயில் அலங்காரம் நிறைவேறாது. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பூவின் பெயரையே இட்ட தமிழர்க்கு, பூவை அறிதல் காலத்தையும் இடத்தையும் அறிதலாகவே இருந்தது.

பூத்தொழிலுக்கும் பாத்தொழிலுக்கும் உள்ள உறவைத் தமிழ் யாப்பிலக்கணமே வெளிப்படையாகக் காட்டி நிற்கின்றது. எதுகை, மோனை, முரண், இயைபு, அளபெடை என்பவற்றைத் தொல்காப்பியர் காலந்தொட்டுத் தொடை என்கின்றோம். தொடை என்பது தொடுத்தல். செய்யுட்கும் பூவுக்கும் அச்சொல் பொது. கோவை என்பது கோத்தது. அது மாலைக்கும் பெயர், திருக்கோவையார் போன்ற நூல்வகைக்கும் பெயர். மாலை என்னும் பெயர் தாங்கிய சிற்றிலக்கியங்கள் பல. கண்ணி தலையிற் சூடும் பூந்தொடையையும் குறிக்கும், இரண்டடிப் பாட்டையும் குறிக்கும். தாயுமானவருடைய பராபரக்கண்ணி அறியாதார் இலர். முடிவைத் தொடக்கமாக்கி வளையச் செய்யும் அந்தாதி, இரு நுனியும் சேர்த்து முடிந்த மாலையின் வடிவையே உடையது.

இச்சொற்கள் வெறும் அணியாக வழங்கின என்று கொள்ளுதல் பொருந்தாது. பூத்தொடுக்கும் முறையை உற்று நோக்குவார்க்கு உண்மை விளங்கும். நனைத்த வாழைநாரில் இரு பூக்களின் காம்புகளை எதிரெதிராக வைத்து ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சிடுவர். ஒவ்வொரு முடிச்சும் முன்னைய முடிச்சைத் தாங்கி நிற்கும். இறுக்கினாற் காம்பு அறும். தளர்த்தினாற் பூ உதிரும். எதுகையின் நிலையும் அதுவே. அடிகளை இணைத்து நிறுத்துவது எதுகை; எதுகைக்காகச் சொல்லை வலிந்து இழுத்தாற் பொருளின் காம்பு அறும்; எதுகை நழுவினால் அடிகள் உதிரும். வெண்பூவின் பக்கத்திற் செம்பூவை வைத்து இரண்டையும் விளங்கச்செய்வது முரண்டொடை. இவ்வறிவு கையினின்று நாவுக்குச் சென்ற அறிவாதலாலேயே பெயரும் கையினின்று நாவுக்குச் சென்றது.

திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனாரைப் பாடும் சேக்கிழார் இத்தொழிலை எத்துணை நுணுக்கமாக அறிந்திருந்தார் என்பது வியக்கத்தக்கது. கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என நால்வகைப் பூவையும் வைகறையிற் கொய்து வந்து, தனியிடத்திலிருந்து, கோப்பன கோவையாகவும், தண்டிற் கட்டுவன கண்ணியாகவும், தாளிற் பிணைப்பன பிணையலாகவும், இன்னும் இண்டையும் தாமமும் தொங்கலுமாக அவர் சமைத்ததைச் சேக்கிழார் வேறுபடுத்திக் கூறுகின்றார். அருகிருந்து பார்த்தவர் தரும் விவரம் போன்றது அது. வைணவ மரபிலும் இதுவே நிலை. பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்தவர். அத்துளசிப் பாத்தியிலே கண்டெடுக்கப்பட்டவளாகச் சொல்லப்படுபவள் ஆண்டாள். திருவரங்கத்தில் நந்தவனப் பணி செய்த தொண்டரடிப்பொடியாழ்வார் தாம் பாடிய நூலுக்குத் திருமாலை என்று பெயரிட்டார். திருப்பள்ளியெழுச்சியின் இறுதியில் தம் பெயரைக் கூறுமிடத்துத் தோளிலே துளசித்தொடையும் பூக்கூடையும் விளங்க நிற்பவராகவே தம்மைக் காட்டுகின்றார். புலவன் தன் கையொப்பத்தைப் பூக்கூடையோடு இட்ட இடம் அது.

நந்தவனத்தோடு இவ்வுறவு முடிந்துவிடவில்லை. நன்னூலிற் பவணந்தியார் செய்யுள் நூலுக்கு நூற்றலை உவமையாக்கினார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, மதி கதிர் என்பது அவர் காட்டும் பொருத்தம். இலக்கணம் கற்பிக்கும் நூல் தன் பெயருக்கு விளக்கந்தேடிச் சென்றபோது கைவினை செய்யும் பெண்ணிடமே சென்றது. கைத்தறியோசை கேட்கும் மருதமுனைக்கு அண்மையில் வாழ்வோர்க்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாத உவமை.

பருவந்தோறும் செய்யும் விழா அலங்காரமும் பாட்டுக்குத் தாயாயிற்று. மணிவாசகரின் திருப்பொற்சுண்ணம் இதற்குச் சிறந்த சான்று. இறைவன் ஆடுதற்குரிய மணப்பொடியை உரலிலிட்டு இடிக்கும் மகளிர் வாய்மொழியாக அமைந்த பாடல் அது. முத்து வடமும் பூமாலையும் தூக்குக, முளைக்குடம் வைக்குக, தூபதீபம் ஏற்றுக என்று ஏவுவதோடு அது தொடங்குகின்றது. அலங்காரத்துக்குரிய ஏவற்சொற்களே அங்கே கவிதையாய் நிற்கின்றன. பூக்கொய்யும்போது பாடும் திருப்பூவல்லியும் இவ்வினத்தது. வேலையின் தாளம் பாட்டின் தாளமாயிற்று.

மட்டக்களப்பிலே அம்மன் கோயிற் சடங்குகளைக் கண்டவர்க்கு இஃது ஏட்டுச் செய்தியாகத் தோன்றாது. வைகாசித் திங்களிற் கண்ணகையம்மன் கோயில்கள் கதவு திறக்கப்படுகின்றன. கல்யாணக்கால் நடுதல் முதலாகக் குளுத்தி ஈறாகச் சடங்கு நிகழ்கின்றது. பெரியகல்லாற்றுக் கடல்நாச்சியம்மன் முதலாகக் கரையோர ஊர்களின் தெய்வங்களுக்கும் ஆண்டுச் சடங்கு உண்டு. அக்காலத்துப் பந்தலில் வேப்பிலை செருகிய கும்பமும், கமுகம்பாளையும், வாழையும், குருத்தோலைத் தோரணமும் விளங்கும். தோரணம் பின்னுதற்கும் இலக்கணம் உண்டு. ஈர்க்கை நீக்கிக் குருத்தோலையை மடித்துக் குருவித்தலை செய்வோர், மங்கலத்துக்கு அதனை மேனோக்கியும் அமங்கலத்துக்குக் கீழ்நோக்கியும் அமைப்பர். எழுத்தறியாதாரும் அத்தோரணத்தை வாசிப்பர். வாயிலில் நின்றே உள்ளே நிகழ்வது இன்னதென அறிவர். குருத்தோலை ஒரு நாளில் வாடுவது. ஆகவே முன்கூட்டிச் செய்து வைத்தற்கில்லை. ஊரார் ஓரிடத்திற் கூடி ஒரே நாளிற் செய்தல் வேண்டும். கூடியிருக்கும் அந்நேரத்திலே கண்ணகி வழக்குரையும் குளுத்திப்பாடலும் வசந்தன் பாடலும் முதியோர் வாயிலிருந்து இளையோர் செவிக்கு இறங்கின. மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டைத் தி. சதாசிவ ஐயர் 1940இல் அச்சிட்டதற்கும், வி. சீ. கந்தையா மட்டக்களப்புத் தமிழகத்தை 1964இல் வெளியிட்டதற்கும் முன்னரே, இப்பாடல்களைக் காத்து வந்த நூலகம் இவ்வாறு கூடியிருந்தோர் நினைவேயாகும்.

பிற நாட்டிலும் இவ்வுண்மை காணப்படுகின்றது. ஆங்கிலப் புலவரும் கைவினைஞருமாகிய வில்லியம் மொறிஸ் என்பார் 1834 முதல் 1896 வரை வாழ்ந்தவர். தம் வீட்டுத் தோட்டத்தில் உரோசாக்கொடி படர்ந்த தட்டிப்பந்தரை அவர் சுவர்த்தாளோவியமாக்கினார். கெல்ம்ஸ்கொற் என்னும் ஊரிலுள்ள தமது தோட்டத்தில் ஸ்ரோபெரிப் பழத்தைத் திருடித் தின்ற பறவைகளைக் கண்டு, துணி அச்சு வடிவமொன்றை 1883இல் அமைத்தார். காவியம் எழுதிய கையே சாயத்திலும் தோய்ந்தது. அவர் நூல் அச்சிட்ட கையச்சு இயந்திரம் பின்னர் ஆனந்த குமாரசுவாமியின் பொறுப்பில் வந்தது. கொழும்பிலே 1877இற் பிறந்தவரும் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தருமாகிய அவர், இடைக்காலச் சிங்களக் கலைபற்றிய தமது பெருநூலை 1908இல் அதிலேயே அச்சிட்டார். பயன்படு கைவினை தாழ்ந்தது, அழகுக்கலை உயர்ந்தது என்னும் பிரிவினை கீழைநாட்டு மரபுக்கு அயலானது என்பதை அவர் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தார். விபுலானந்தர் மறைந்த அதே 1947ஆம் ஆண்டில் அவரும் மறைந்தார். ஒருவர் இசைக்கருவியின் நரம்பையும் மற்றவர் சிற்பியின் உளியையும் ஆராய்ந்தவர். கையறிவை அறிவென்று மதித்ததில் இருவரும் ஒருவழியினர்.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். பூத்தொடுப்பார் எல்லாரும் புலவராயினரோ? தோரணம் பின்னியோர் பல்லாயிரவர். அவர்களுள் ஆண்டாள் ஒருத்திதானே? இத்தடை நேரியதே. கைத்தொழில் செய்தார்க்கெல்லாம் கவி வரும் என்று கூறுதல் பொருந்தாது. மண் கிளறுதல் விதையாகாது. ஆயினும் கிளறாத மண்ணில் விழுந்த விதை முளைத்தலும் அரிது. தோட்டமும் அலங்காரமும் செய்வோர்க்கு மூன்று வாய்க்கின்றன: பொருளைப் பெயராலன்றி வடிவாலும் மணத்தாலும் அறியும் அறிவு; காலம் வரும்வரை காத்திருக்கும் பொறுமை; எது எதனோடு ஒக்கும் என்னும் தெரிவு. இம்மூன்றும் புலவனுக்கும் வேண்டுவன. ஏடு இவற்றைப்பற்றிச் சொல்லும். பயிற்சி தருவது கைத்தொழிலே.

விபுலானந்தர் பாடலின் மூன்றாஞ் செய்யுள்மேற் சிறு குறையொன்று கூறுதலும் கூடும். மல்லிகை, தாமரை, கழுநீர், கொன்றை என்று கண்ட பூக்களைக் கூறி வந்தவர், அவ்விடத்திலே மண்ணுலகில் இல்லாத கற்பகத்தைக் கூறுகின்றார். காணாத பூவை விலக்குதல் எளிது. ஆகவே அவ்வடியில் வினாவின் வலி சற்றுக் குறைகின்றது. ஆயின் விடை அக்குறையை நிறைத்துவிடுகின்றது. விண்ணுலகப் பூவரைக்கும் சென்ற பாட்டு நெய்தலில் வந்து இறங்குகின்றது. கடலும் கழியும் சார்ந்த நிலத்தானுக்குத் தன் ஊர் நீரில் அன்றாடம் விழித்து நிற்கும் பூ அது. எட்டாத கற்பகத்தினும் எட்டும் நெய்தலே போதும் என்று முடியும் பாட்டை, ஊர்ப்பூவை இகழ்ந்த பாட்டென்று எங்ஙனம் கூறுவது?

இவ்வாராய்ச்சி பழமையைப் போற்றுவதோடு அமையத்தக்கதன்று. இந்நாளில் நெகிழிப் பூமாலைகள் பந்தல்களிற் புகுந்துவிட்டன. அலங்காரம் விலைக்கும் வாடகைக்கும் கிடைக்கின்றது. இலங்கையில் ஒருமுறை பாவித்தெறியும் நெகிழிப்பொருள்கள் சிலவற்றை அரசு 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் நாள் முதலாகத் தடைசெய்தபோது, இடியப்பத் தட்டோடு பூமாலையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. சட்டம் நெகிழி மாலையைத் தடுக்கலாம். வாழைநாரைப் பிடிக்கத் தெரியாத விரலுக்கு முடிச்சைக் கற்பிக்க அதனால் இயலாது. வாடாத மாலைக்குப் பருவமில்லை. பருவமில்லாத மாலைக்குக் காத்திருப்பாருமில்லை. காத்திருந்து ஒன்றுகூடாத இடத்திற் பாட்டுக்கும் வேலையில்லை. இழப்பது அழகு மாத்திரமாயின் பொறுத்துக்கொள்ளலாம். தொடை, கண்ணி, கோவை என்னும் சொற்கள் கைப்பொருளை இழந்து மனனஞ் செய்யும் ஒலிகளாய் எஞ்சுதல் மொழிக்கே நேரும் இழப்பாகும்.

இதற்குப் பரிகாரம் பெரும்பொருட் செலவில் இல்லை. பாடசாலைகளில் நவராத்திரிக்குக் கும்பம் வைக்கும் காலத்தில் மாணவரே பூக்கொய்து, மாலை தொடுத்து, குருத்தோலை மடித்துத் தோரணம் செய்தல் கூடும். சித்திர வகுப்பும் தோட்டவேலையும் தேர்வுக்கு உதவாப் பொழுதுபோக்கு என்று கருதப்படும் நிலை மாறுதல் வேண்டும். எதுகை மோனையைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், ஒரு முழ நாரையும் ஒரு கைப்பிடி மொட்டையும் மாணவர் கையிற் கொடுத்து, தொடுத்து வருக என்று ஏவும் ஆசிரியர், யாப்பிலக்கணத்தின் முதற் பாடத்தை முறையாகவே தொடங்கியவராவர். பூ உதிராமலும் காம்பு அறாமலும் தொடுத்து வந்த மாணவனுக்குத் தொடை என்றால் என்ன என்று இரண்டாம் முறை விளக்கவேண்டியதில்லை. விபுலானந்தர் பாடலை அதன் பின் அவன் கற்கட்டும். விலக்கப்பட்ட மலர்களின் பெருமையையும் அவன் அறிவான், விடையாய் வந்த மலர்களின் பெருமையையும் அறிவான்.